கட்ட முடியாத சொல்

“டீச்சர், இந்தச் சொல்ல என்னால கட்ட முடியல” என்றார் நல்லபெருமாள்.

அவருக்கு அறுபத்து மூன்று வயது. செசிலி டீச்சருக்கு நாற்பத்தொன்று. இங்கிலீஷ் சொற்களுக்குத் தமிழ் அகராதி தயாரிக்கிற அந்த அகராதி வீட்டில் வயதை யாரும் பார்ப்பதில்லை. சொல்லைச் சரியாகப் பிடிக்கிறவர் குரு, மற்றவர்கள் எல்லாம் சிஷ்யர்கள். டீச்சர் தலைமைக்கு வந்த ஆறு வருடமாக நல்லபெருமாள் அவர் முன்னால் கைகட்டித்தான் நிற்கிறார். ஊரில் யாராவது கேலி செய்தால், இந்த வயதில் எனக்கு ஒரு வாத்தியார் கிடைத்திருக்கிறார், உனக்குக் கிடைத்தாரா என்று திருப்பிக் கேட்பார்.

கட்டுவது என்றால் நிஜமாகவே கட்டுவதுதான். இங்கிலீஷ் சொல்லைத் தலைச்சீட்டில் எழுதி, ஒவ்வொரு அர்த்தத்தையும் ஒவ்வொரு சீட்டாக அதன் அடியில் வைத்து, நூலால் சுற்றி முடிச்சுப் போட வேண்டும். அந்த அர்த்தத்தில் யார் சொன்னார், எந்த இடம், எந்தக் காலம் என்று சீட்டில் இருக்க வேண்டும். இப்போது சொல்வார் இல்லாத அர்த்தத்துக்கு ‘வழக்கொழிந்தது’ என்று சிவப்பு முத்திரை.

நல்லபெருமாள் கையில் இருந்த சொல் ரிமோர்ஸ். மூன்று மாதமாக இருந்தது.

“படிங்க ஐயா, கேப்போம்.”

அவர் படித்தார். லத்தீனில் திரும்பக் கடிப்பது என்று அர்த்தம். பிரெஞ்சு வழியாக இங்கிலீஷுக்கு வந்தபோது, செய்த தப்பு மனசைக் கடிப்பது என்று ஆனது. பிறகு கொஞ்ச காலம் அதே சொல்லுக்கு இரக்கம் என்றும் ஒரு பொருள் இருந்தது. ஓங்கிய கையை இறக்க வைக்கிற இரக்கம். அதுவும் போய்விட்டது. ஈவிரக்கம் இல்லாதவனைச் சொல்லும்போது மட்டும் மிச்சம் மீதியாக ஒட்டிக்கொண்டிருக்கிறது.

“இரக்கத்துக்கு முத்திரை குத்தியாச்சா?”

“குத்திட்டேன்.”

“அப்ப என்ன பாக்கி?”

“கடிதான். தமிழ்ல சரியா வர மாட்டேங்குது. இப்போதைக்கு ‘ரிக்ரெட் காண்க’ன்னு போட்டிருக்கேன்.”

டீச்சர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

“காணுங்க” என்றார்.

நல்லபெருமாள் கிழக்குச் சுவர் ஓரம் போய் ரிக்ரெட் கட்டை எடுத்தார். அதில் ‘கம்பங்ஷன் காண்க’ என்றிருந்தது. அதுவும் மன உறுத்தல்தான்.

“காணுங்க.”

ஜன்னல் பக்கத்துப் பழைய இழுப்பறை. சீட்டு பழுத்திருந்தது. அதில் ‘ரிமோர்ஸ் காண்க’ என்றிருந்தது.

“காணுங்க.”

அவர் தன் மேஜைக்கே திரும்பி வந்தார். டீச்சர் நிறுத்தச் சொல்லவில்லை. நல்ல சிஷ்யர் அல்லவா, மறுபடியும் கிழக்குச் சுவருக்குப் போனார். மூன்றாவது சுற்றில் மூச்சு வாங்கி, ஜன்னலடியில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

மூன்று சீட்டிலும் அவர் கையெழுத்து. ஜன்னல் பக்கத்துச் சீட்டை எழுதிப் பத்து வருடம் ஆகிறது.

டீச்சர் ஒரு டம்ளர் தண்ணீரோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

“பத்து வருஷமா எதைச் சுத்தி வர்றீங்க ஐயா?”

அவர் தண்ணீரைக் குடிக்கவில்லை. பிடித்துக்கொண்டே சொன்னார்.

பதினொரு வருடத்துக்கு முன்பு முதல் தொகுதி அச்சுக்குப் போகிற அவசரத்தில் சீட்டுக்கட்டுகள் இருந்த ஒரு தட்டைக் கீழே போட்டார். சீட்டுகள் சிதறின. யாரும் பார்ப்பதற்குள் பொறுக்கிக் கட்டி வைத்தார். இரண்டு தலைச்சீட்டுகள் இடம் மாறியது தெரியவில்லை. புத்தகம் வந்தது. அதில் பிஷப் என்ற சொல்லுக்கு எதிரே, அடுத்திருந்த பைசனுக்கு உரிய, பெரிய தலையும் பிடரி மயிரும் கொண்ட காட்டு எருது வகை என்று அச்சாகியிருந்தது.

ஊர் ஒரு வாரம் சிரித்தது. பிறகு யார் என்று கேட்டார்கள். தட்டுக்குப் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட்டிருந்தவர் சவரிராயன். நல்லபெருமாளுக்கு அண்ணன் மாதிரி, ஒரே மேஜையில் பதினெட்டு வருடம். அவருக்கு வேலை போனது. அதைவிடப் பெரிது, அவர் மாதா கோயில்காரர். பிஷப்பைக் கேலி செய்ய வேண்டுமென்றே எழுதினார் என்று பேச்சு வந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசையில் அவர் பெஞ்சில் பக்கத்தில் உட்கார ஆள் இல்லாமல் போனது.

“விஷயம் வெளிய வந்த அன்னைக்கு நான் நாக்கக் கடிச்சுக்கிட்டேன் டீச்சர். அவ்வளவுதான் செஞ்சேன்.”

சவரிராயன் வீட்டை விற்றுவிட்டார். வடக்கே பிலாயில் இருக்கிற மகனோடு போய் இருக்கப்போகிறார், இனி வரமாட்டார். செய்தி வந்து மூன்று மாதம் ஆகிறது. இன்று நாலு மணிக்கு பஸ்.

டீச்சர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். இரண்டரை.

“கடிபட்ட நாக்குதான் பேசணும். என்கிட்ட இல்ல, அவருகிட்ட.”

நல்லபெருமாள் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டே தெருவில் இறங்கினார்.

மாதா கோயில் தெருவில் சவரிராயன் மெத்தையைச் சுருட்டிக் கயிறு போட்டுக்கொண்டிருந்தார். வாசலில் நிழல் தட்டியதும் நிமிர்ந்தார். பதினொரு வருடம் கழித்து வந்தவரை அரை நிமிடம் பார்த்தார்.

“வாரும்வே. இந்த முனையப் பிடியும்.”

நல்லபெருமாள் பிடித்தார்.

“அண்ணாச்சி, தட்டக் கீழ போட்டது நான். மாத்திக் கட்டுனது நான். உங்க பேரு கெட்டுது. நான் பாத்துக்கிட்டு நின்னேன்.”

சவரிராயன் கயிற்றை இழுத்தார்.

“தெரியும்வே.”

அவருக்கு அன்றைக்கே தெரியும். அகராதி வீட்டில் எல்லாரும் நூலை ஒரு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போடுவார்கள். நல்லபெருமாள் பயந்த சுபாவம், இரண்டு சுற்றுச் சுற்றுவார். காட்டெருதுக் கட்டில் இரண்டு சுற்று இருந்தது.

“அப்ப ஏன் அண்ணாச்சி சொல்லல?”

“சொல்லத்தான் கிளம்புனேன். உம்மகிட்ட ரெண்டு கேட்டுட்டு, நேரா ஆபீசுக்குப் போறதாத்தான் வந்தேன். உம்ம வாசல்ல பந்தக்கால் நட்டுக்கிட்டிருந்தீரு. கல்யாணப் பொண்ணு, உம்ம மக, ஓடியாந்து, பெரியப்பா வந்தாச்சுன்னு தண்ணி கொண்டாந்து குடுத்துச்சு. குடிச்சேன். திரும்பிட்டேன்.”

சவரிராயன் கயிற்றை மெத்தைக்கு அடியில் விட்டு மறுபக்கம் எடுத்தார்.

“கோவம் இல்லன்னு நினைக்காதயும். இருந்துச்சு. ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் இருந்துச்சு. ஆனா நாளைக்கி சொல்லுவோம், நாளைக்கி சொல்லுவோம்னு விட்டுட்டேன். அப்புறம் உம்மத் தெருவுல பாக்கும்போது பாவமா இருந்துச்சு. என்னைய விட நீருதான் மெலிஞ்சு போயிருந்தீரு.”

நல்லபெருமாள் அழுதார். வாயைப் பொத்திக்கொள்ளாமல், முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல் அழுதார்.

“போதும்வே. முடிச்ச நீரே போடும். ரெண்டு சுத்து. பிலாய் வரைக்கும் தாங்கணும்.”

பஸ் ஸ்டாண்டுக்கு வழியனுப்ப மாதா கோயில் பங்குக்காரர்கள் எட்டுப் பேர் ஒப்புக்கு வந்திருந்தார்கள். அவர்கள் முன்னால் நல்லபெருமாள் அதே நாலு வாக்கியத்தையும் திரும்பச் சொன்னார். ஒருவர் போய்ச் சவரிராயன் கையைப் பிடித்துக்கொண்டார். மற்றவர்கள் தரையைப் பார்த்தார்கள். பஸ் சரியாக நாலு மணிக்குக் கிளம்பியது.

நல்லபெருமாள் அகராதி வீட்டுக்குத் திரும்பியபோது டீச்சர் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நல்லபெருமாள் ‘ரிக்ரெட் காண்க’ என்ற சீட்டைக் கிழித்தார். வேறு சீட்டை எடுத்து, ‘செய்த தப்பு நாக்கைக் கடிப்பது’ என்று எழுதினார். யார் என்ற இடத்தில் தன் பெயரைப் போட்டார்.

பிறகு இரக்கம் என்ற சீட்டை எடுத்தார். சிவப்பு முத்திரையின் மேல் ஸ்கேலை வைத்து நேராக ஒரு கோடு இழுத்து அடித்தார். அடியில் எழுதினார். யார்: சவரிராயன். இடம்: மாதா கோயில் தெரு. காலம்: பதினொரு வருடம்.

டீச்சர் வாங்கிப் படித்தார். அகராதி வீட்டில் சாட்சி இல்லாமல் எதுவும் உள்ளே போகாது.

“அவரு வாயால சொன்னாரா?”

“இல்ல டீச்சர். பதினோரு வருஷமா என் பேரச் சொல்லல.”

டீச்சர் நூல்கண்டை எடுத்து நீட்டினார்.