டெசர்ட் கிங் ஜெயித்த காரணம்

குதிரைப் பந்தயத்தில் எல்லாவற்றையும்விட வேகமாக ஓடுவது குதிரை என்று உலகம் நம்புகிறது. இது பெரும்பிழை. முடிவு தெரிந்தபின் சொல்லப்படும் காரணம் அதைவிட வேகமாக ஓடும்.

ஞாயிறு காலை, மைதானத்துக் கேண்டீனில் ரசிகர்கள் முந்தைய நாள் முடிவுகளை அலசிக்கொண்டிருந்தார்கள். நடுநாற்காலியில் பந்தய நிபுணர் கோதண்டபாணி.

“ஆட்டமே படுத்துடுச்சு. கூட்டமும் இல்லை, குதிரையைக் கவனிக்கத் தெரிஞ்ச ஆளும் இல்லை. நாகராஜன் சார், உங்க சில்வர் பெல் கடைசியா வந்ததுக்கு உங்க லாயக்காரன் மஸ்தான்தான் காரணம். தீனி சரியில்லை. ஆளை மாத்துங்க!”

குதிரையின் முதலாளி நாகராஜன், பின்னால் நின்ற மஸ்தானிடம் திரும்பினார். “என்னப்பா மஸ்தான், பதில் இருக்கா? இல்லேன்னா வேற இடம் பார்த்துக்கோ.”

மஸ்தான் கைகட்டி, கோதண்டபாணி பக்கம் திரும்பினார். “ஐயா சொன்னா சரிதாங்க. ஒரே ஒரு சந்தேகம். நேத்து கடைசிப் பந்தயத்துல டெசர்ட் கிங் எப்படிங்க ஜெயிச்சுது?”

“தீனிதான்யா! திருப்பத்துல நாலு குதிரைக்கு நடுவுல புகுந்து பாய்ஞ்சுதே, என் கண்ணால பார்த்தேன். அது தீனி தின்ன உடம்பு!”

ஒரு ரசிகர் மெதுவாகச் சொன்னார்: “சார், டெசர்ட் கிங் ஓடவே இல்லை. கால் வீங்கினதால முன்னாடியே விலக்கிட்டாங்க. கடைசிப் பந்தயத்துக்குள்ள நீங்க கிளம்பிப் போயிட்டீங்களே.”

“லாயத்துலதாங்க நிக்குது,” என்றார் மஸ்தான். “அதுக்கும் தீனி போடறது நான்தாங்க.”

நாகராஜன் சிரித்துச் சிரித்துக் காபியைச் சட்டையில் கொட்டிக்கொண்டார். “போப்பா, போய் சில்வர் பெல்லுக்குத் தண்ணி காட்டு.”

அடுத்த சனிக்கிழமை சில்வர் பெல் இரண்டாவதாக வந்தது. கோதண்டபாணி அன்று கடைசிப் பந்தயம்வரை மைதானத்தில் இருந்தார்.