சின்ன எழுத்து ராஜா

கிழக்கிந்தியக் கும்பினியாருக்குக் கடிதாசி போட்டால்தான் காரியம் நடக்கும் என்றிருந்த ஒரு காலத்தில், மாதளம்பாறைச் சீமையைச் சிவந்தெழுந்தார் என்றொரு ராஜா ஆண்டு வந்தார். தங்கமான மனுஷன். கோபம் மட்டும் மூக்கு நுனியில் நிற்கும்.

அந்த வருஷம் கொடி ஆறு கரையை உடைத்து ஊருக்குள் புகுந்துவிட்டது. கலெக்டர் துரை படகுகள் அனுப்பிப் பல உயிர்களைக் காப்பாற்றினார். அதற்கு நன்றி சொல்லி, அரண்மனை மொழிபெயர்ப்பாளரான துபாஷி மரியலூயி இங்கிலீஷில் கடிதம் எழுதினார்.

தளவாய் மழவராயருக்குத் துபாஷியைக் கண்டாலே ஆகாது. அவருக்குத் தெரிந்த இங்கிலீஷ், நாலைந்து சொல்லும், எது பெரிய எழுத்து, எது சின்ன எழுத்து என்பதும்தான். வம்பு வளர்க்க அது போதாதா?

"மகாராஜா, இந்த அநியாயத்தைப் பாருங்கள்! நம்மை மூழ்கடிக்க வந்த கொடி ஆற்றில் 'ஆறு' என்ற சொல்லுக்குப் பெரிய எழுத்து. 'ராஜா நன்றி சொல்கிறார்' என்ற இடத்தில் ராஜாவுக்குச் சின்ன எழுத்து!"

ராஜா கொதித்துப்போய்த் துபாஷியைப் பார்த்தார். "பொழுது சாய்வதற்குள் பெண்டாட்டி பிள்ளைகளோடு சீமையை விட்டுப் போய்விடு!"

மந்திரி பூவலிங்கம் எழுந்தார். "மகாராஜா கொஞ்சம் மேல்மாடத்துக்கு வர வேண்டும்."

எல்லோரும் பின்னால் வர, மாடத்தில் நின்று தெருவைப் பார்த்து, "ராஜா!" என்று ஒரு குரல் கொடுத்தார் மந்திரி.

"என் ராஜாவ யாருங்க கூப்பிடுறது?" என்று இடுப்புக் குழந்தையோடு ஒருத்தி நிமிர்ந்தாள். வண்டிமாடு ஒன்று தலையைத் திருப்பியது. "என்னங்கய்யா?" என்றான் மோர் விற்கிறவன்.

"ராஜா சிவந்தெழுந்தார்!" என்றார் மந்திரி மறுபடி. தெருவே கைகூப்பியது.

"இங்கிலீஷ்காரர்கள் சட்டம் இவ்வளவுதான், மகாராஜா. வெறும் ஆறு, வெறும் ராஜா என்றால் சின்ன எழுத்து. பெயரோடு சேர்ந்தால் பெரிய எழுத்து. கடிதத்தின் தொடக்கத்தில் 'ராஜா' உங்கள் பெயரோடு பெரிய எழுத்தில்தான் இருக்கிறது."

ராஜா வயிறு குலுங்கச் சிரித்தார். "தளவாய், கரைக்குப் போய் மண் சுமந்துவிட்டு வாரும். உம்மையும் நாலு பேர் பெயர் சொல்லிக் கூப்பிடட்டும்!"

துபாஷி மந்திரியின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

கரை என்றதும் ராஜாவின் சிரிப்பு அடங்கியது. "உடைப்பை அடைத்தது குடிகள். அவர்களுக்கு ஒரு நன்றி சொன்னோமா? இந்தக் கடிதத்திலேயே அதையும் எழுது, மரியலூயி. 'குடிகள்' என்ற சொல்லுக்குப் பெரிய எழுத்துப் போடு."

"சட்டப்படி அதுவும் சின்ன எழுத்துதான், மகாராஜா."

"தெரிகிறது. எனக்கு வேண்டாம். அவர்களுக்குப் போடு."

துபாஷி தெரிந்தே ஒரு பிழை எழுதினார். எழுதும்போது கண் நிறைந்துவிட்டது. கடிதத்தைப் படித்த துரையும் அதைப் பிழை என்று சொல்லவில்லையாம்.