வாசலுக்கு வெளியே நின்ற கடன்

சும்மா தலையாட்டிக்கொண்டே கேட்கிற கதையில்லை இது. முடிவில் ஒரு கேள்வி வைத்திருக்கிறேன். பதில் சொல்லாமல் யாரும் எழுந்திருக்கக் கூடாது.

மேலப்பாளையத்தில் சரக்கு ஆட்டோ ஓட்டிப் பிழைத்த மைதீன் பிச்சை, ஒருநாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தவர் எழவேயில்லை. பள்ளிவாசலில் ஜனாஸாத் தொழுகைக்கு முன் மகன் அசன்கனி எழுந்து நின்றான். மீசைகூடச் சரியாக முளைக்காத வயது. வாரிசு சொல்லவேண்டிய வழக்கப்படி சொன்னான்: "எங்க வாப்பா யாருக்காவது கடன்பட்டிருந்தா எங்கிட்டச் சொல்லுங்க. நான் பொறுப்பு."

யாரும் வாய் திறக்கவில்லை. வாப்பா கடனில்லாமல் போகிறார் என்று அழுகைக்கு நடுவிலும் அவனுக்கு ஒரு நிம்மதி, பாவம்.

கடன் இருந்தது. ஆட்டோ வாங்க ஒரு பைனான்ஸ் கம்பெனியில் எடுத்தது. கம்பெனி எந்த ஊரில் ஜனாஸாவுக்கு வந்திருக்கிறது? ஆனால் அந்தக் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்ட பேச்சிமுத்து வந்திருந்தார். வெல்டிங் பட்டறைக்காரர், இறந்தவருக்கு உயிர்ச் சிநேகிதர். பள்ளிவாசலுக்கு வெளியே நின்றவரின் காதில் பையன் சொன்னது விழுந்தது. தகப்பனைப் பறிகொடுத்து நிற்கிற பிள்ளை தலையில் இதையும் ஏற்றுவதா என்று துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

கம்பெனி ஆட்டோவை இழுத்துப் போய் வந்த விலைக்கு விற்றது. வண்டி போனதோடு கணக்கும் தீர்ந்தது என்று அசன்கனி நம்பினான். மிச்சக் கடனோ வட்டி போட்டு வளர்ந்தது. வசூல்காரர்கள் பட்டறை வாசலில் நின்று பேச்சிமுத்துவை மானம் போகப் பேசினார்கள். பையனிடம் மட்டும் போகாதீர்கள் என்று அவர் கெஞ்சிக் கெஞ்சியே ஆறு வருஷத்தை ஓட்டினார்.

அதற்குள் அசன்கனி செல்போன் கடையில் வேலை பார்த்து, தங்கச்சி ஜன்னத்தின் நிக்காஹ்வுக்கென்று வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிப் பணம் சேர்த்திருந்தான். அந்தச் சமயம் பேச்சிமுத்துவின் மகள் முப்பிடாதிக்கு நர்சிங் படிக்க இடம் கிடைத்தது. கல்விக்கடன் கேட்டுப் போனால், தகப்பன் ஜாமீன் போட்ட பழைய கடன் கட்டாமல் நிற்கிறது, கடன் நாணயத்துக்கு மார்க் போடும் சிபில் ஸ்கோர் அதலபாதாளத்தில் கிடக்கிறது என்று வங்கியில் கையை விரித்துவிட்டார்கள். பொறுக்கமாட்டாமல் பேச்சிமுத்துவின் மனைவி அசன்கனியிடம் வந்து அத்தனையும் கொட்டித் தீர்த்தாள். அவனுக்குத் தலையில் கல் விழுந்தாற்போல் ஆயிற்று. ஊரறியக் கொடுத்த வாக்கு ஆறு வருஷமாகப் பொய்யாகக் கிடந்திருக்கிறதே என்று குமுறினான்.

கம்பெனிக்கு ஓடினான். இரண்டு வழி சொன்னார்கள். ஒரு லட்சத்து அறுபதாயிரத்தையும் கட்டினால் கணக்கு முழுதாக முடிந்ததாகப் பதிவாகும், ஸ்கோரும் மெல்ல ஏறும். அறுபதாயிரத்தோடு பேசித் தீர்த்தால் மிச்சத்தைத் தள்ளிவிடுவார்கள், ஆனால் 'செட்டில்டு' என்று பதிவாகும். அந்தச் சொல் விழுந்த பெயருக்கு வங்கிகள் எளிதில் கடன் தராது.

உம்மா ரகுமத்து பீவி அறுபதாயிரமே போதும் என்றாள். கடன் கொடுத்தவனே மிச்சத்தை விட்டுக்கொடுத்தால் மார்க்கம் ஒப்பும், வாப்பாவும் மண்ணறையில் நிம்மதியாக இருப்பார், நிக்காஹ்வும் நடக்கும் என்றாள். தாய் மனசு, குற்றம் சொல்ல முடியுமா? அசன்கனி ஜன்னத்தைக் கூப்பிட்டு, காசு உனக்காகச் சேர்த்தது, நீ சொல் என்றான்.

"வாப்பா கடன் எனக்குந்தானே காக்கா," என்றாள் அவள். "முழுசாக் கட்டு."

மறுநாள் காலையில் அசன்கனி போய், முழுதாகக் கட்டப்போவதைப் பேச்சிமுத்துவிடம் சொன்னான். முப்பிடாதி தண்ணீர்ச் செம்பைக் கொண்டுவந்து வைத்துவிட்டுக் கதவோரம் நின்றாள். தகப்பன் அவள் பக்கம் திரும்பவேயில்லை.

"ஒரு பொட்டப்புள்ள கல்யாணக் காசுல என் பேரைக் கழுவணுமா தம்பி?" என்றார்.

சொன்னதோடு நிற்கவில்லை. மகள் படிப்புக்குத்தான் காணாது, இந்தக் கடனுக்காவது ஆகட்டும் என்று மனைவியின் சங்கிலியை அடகு வைத்து, அன்று மத்தியானமே அசன்கனியை முந்திக்கொண்டு அறுபதாயிரத்தைக் கட்டிக் கணக்கைத் தீர்த்துவிட்டார். அவர் பெயரில் 'செட்டில்டு' என்று பதிவு விழுந்தது, மகளின் கல்விக்கடனுக்கு வழியும் அடைபட்டது. கம்பெனியின் தொல்லை ஒழிந்தது. அசன்கனி ஒரு பைசா தரவேண்டியதில்லை.

அவன் என்ன செய்தான் தெரியுமா? சங்கிலியை மீட்டுக் கொடுத்தான். தள்ளிவிட்ட ஒரு லட்சத்தையும் கம்பெனியில் கட்டி, முழுக் கடனும் தீர்ந்தது, பதிவை மாற்றுகிறோம் என்று எழுத்தில் வாங்கினான். கேட்காத காசைக் கொண்டுவந்து கட்டுகிற கிறுக்கனை அங்கே அன்றுதான் பார்த்தார்கள்.

பதிவு மாறுவதற்குள் கல்லூரிக் கெடு கடந்து, முப்பிடாதியின் இடம் வேறொருத்திக்குப் போயிற்று. நிக்காஹ்வைத் தள்ளிப்போடக் கேட்டதில் மாப்பிள்ளை வீட்டார் வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். ரகுமத்து பீவி மகனோடு பேசுவதையே விட்டாள். கம்பெனிக் கடிதத்தை முப்பிடாதி கண்ணில் நீர் முட்ட வாசித்து, மடித்துக் கொடுத்தாள். "அடுத்த வருசத்துக்கு ஆகும்ண்ணே," என்றாள்.

அறுபதாயிரம் போதும் என்ற தாய், அதை முந்திக் கட்டிய சிநேகிதர், தள்ளிய லட்சத்தையும் தேடிப்போய்க் கட்டிய மகன். இந்த மூவரில் யார் செய்தது சரி? சொல்லுங்கள்.

பதில்: அசன்கனி செய்ததே சரி. கம்பெனி விட்டுக்கொடுத்தது தன் பணத்தை. பேச்சிமுத்து தன் பெயரையும் மானத்தையும் விட்டுக்கொடுக்கலாம், அது அவருடையது. ஆனால் அவர் விட்டுக்கொடுத்தது மகளின் படிப்பை. ரகுமத்து பீவி விட்டுக்கொடுக்கச் சொன்னதும் அதைத்தான். இழக்கப்போகிற முப்பிடாதியிடம் இருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அசன்கனி ஒருவன்தான் இழக்கப்போகிற தங்கச்சியைக் கேட்டுவிட்டுக் காசில் கை வைத்தான். ஆனாலும் அன்றைக்குப் பள்ளிவாசல் வாசலிலேயே பேச்சிமுத்து வாயைத் திறந்திருந்தால், கடன் சிறிதாக இருக்கும்போதே தீர்ந்திருக்கும். பிள்ளை மேல் வைத்த பிரியத்தில் சும்மா இருந்துவிட்டார், இரண்டு பெண்பிள்ளைகள் அதற்கு வட்டி கட்டினார்கள்.