குழாயடிப் பலகை

அடுக்குமாடி வாசல் குழாயில் "அவுட்சைடர்ஸ் ஸ்ட்ரிக்ட்லி நாட் அலவ்டு" என்று இங்கிலீஷில் பலகை மாட்டினார் செக்ரட்டரி சாம்பமூர்த்தி. கீரை விற்கும் பேச்சியம்மாள் வழக்கம்போல அங்கேதான் தண்ணீர் குடித்தாள்.

"பலகை தொங்குது, எப்படிய்யா குடிக்கிறாங்க? நாளைக்கும் யாராவது குடிச்சா உனக்கு வேலை கிடையாது" என்று வாட்ச்மேன் மாடக்கண்ணுவிடம் எகிறினார்.

"சார், இதைப் படிக்கிறவங்க வீட்ல ஃபிரிட்ஜ் இருக்கு. தாகத்தோட வர்றவங்களுக்கு இங்கிலீஷ் தெரியாது. நான் என்ன செய்ய?"

கூடியிருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். செக்ரட்டரியின் முகம் சுண்டிப்போனது. மாடக்கண்ணுவுக்கு அன்று முழுக்க நெஞ்சு நிமிர்ந்தே இருந்தது.

மறுநாள் பலகை தமிழில் இருந்தது. கூடையை இறக்கிய பேச்சியம்மாள் எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

"இத்தனை நாளும் தெரியாமக் குடிச்சிட்டேனேப்பா" என்று கூடையைத் தூக்கிக்கொண்டு வெயிலில் நடந்தாள்.

மாடக்கண்ணு தலையைக் குனிந்துகொண்டு கேட்டைச் சாத்தினான்.