சிங்காரமும் பாம்புச் சட்டையும்

காட்டாற்றங்கரையில் சிங்காரம் என்றொரு கீரி இருந்தது. அதன் மனைவி வடிவு. பொழுது சாய்ந்தால் போதும், சிங்காரம் கரையோரப் பாறையில் ஏறி நின்றுவிடும். முயல், கரடி, தவளைக் கூட்டம் எல்லாம் கீழே வந்து உட்காரும். வீட்டில் அன்றன்று நடந்ததைச் சொல்லி எல்லோரையும் சிரிக்க வைக்கும்.

“எலிக்கறி எங்கேன்னு கேட்டேன். ‘கண்ணு முன்னாடிதான் இருக்கு’ன்னா வடிவு. பொந்து முழுக்கத் தேடிட்டேன், கிடைக்கல! அவ வந்து பாக்குறா, என் கால்கிட்டயே இருக்கு! எனக்கு மட்டும் அந்த எலி செத்தும் ஒளிஞ்சு விளையாடுதுங்க!”

கரடி வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருளும். எல்லோருக்கும் முன்னால் சிரிப்பது வடிவுதான்.

“பின்னே! கண்ணைப் பொடனியில வெச்சிருந்தா எப்படித் தெரியும்?” என்று கீழிருந்தே ஒரு போடு போடும். சிரிப்பு இரண்டு மடங்காகும்.

ஒரு வாரம் வீட்டில் ஒன்றுமே நடக்கவில்லை. சண்டை இல்லை, சச்சரவு இல்லை. குடும்பத்துக்கு அது நல்ல வாரம். ஆனால் சிங்காரத்துக்குக் கை கால் ஓடவில்லை. பாறையில் ஏறி எதைச் சொல்வது?

“நடக்கலன்னா என்ன? நாமே நடத்திட்டாப் போச்சு!” என்றது. கைதட்டல் ருசி கண்டவனுக்கு இப்படியெல்லாம்தான் புத்தி போகும்!

எங்கோ கிடந்த பாம்புச் சட்டை ஒன்றைக் கொண்டுவந்து பொந்து வாசலில் போட்டது. புதருக்குள் ஒளிந்துகொண்டு காத்திருந்தது. இரை தேடிவிட்டு வந்த வடிவு அதைப் பார்த்தது. ‘வீல்’ என்று அலறி, வழுக்கிச் சேற்றில் விழுந்தது.

அன்று மாலை பாறையில் ஒரே கொண்டாட்டம். “பாம்பைப் பார்த்துக் கீரி ஓடி எங்கேயாவது பாத்திருக்கீங்களா? எங்க வீட்டுல அலறிக்கிட்டு ஓடுது! அதுவும் வெறும் சட்டையைப் பார்த்து!” என்றது சிங்காரம். காடே சிரித்தது. வடிவு மட்டும் சிரிக்கவில்லை.

மறுநாள் தண்ணீர் குடிக்கப் போன வடிவைத் தவளைக் குஞ்சுகள் சூழ்ந்துகொண்டன. “அத்தை, பின்னாடி பாம்பு! பாம்பு!” என்று கத்தின. வடிவு தண்ணீர் குடிக்காமலே வீடு திரும்பியது.

“என்னைக் கேலி பண்ணினப்போ நானும் சேர்ந்துதான் சிரிச்சேன். இது கேலி இல்லீங்க. இனிமே நான் வாயைத் திறந்தா அது நேரா பாறைக்குத்தான் போகும். அதனால நான் பேசல!”

சொன்னபடியே வடிவு பேசவில்லை. “மழை வரும்போல இருக்கே?” என்றால், “ம்” என்றது. “இன்னைக்கு முட்டை ருசியா இருக்கே?” என்றால், அதற்கும் “ம்” என்றது. பேச்சில்லாத பொந்து சிங்காரத்துக்கு அடுத்தவர் வீடு மாதிரி இருந்தது.

நான்காம் நாள் வடிவு வாயைத் திறந்தது. “ஆத்துக்கு அந்தப் பக்கம் எங்க அக்கா வீட்டுக்குப் போறேன்.”

“எப்போ வருவே?”

“ம்” என்றது வடிவு.

மாலையில் சிங்காரம் பாறையேறி நின்றது. ஆற்றைக் கடக்கும் வழி பாறையை ஒட்டித்தான் போகிறது. அந்த வழியே வடிவு தலைகுனிந்து நடந்து போவது தெரிந்தது. சிங்காரத்துக்குத் தாங்கவில்லை.

“எல்லாரும் கேளுங்க! அந்தச் சட்டையைக் கொண்டுவந்து போட்டதே நான்தான்!”

“அடப்பாவி!” என்றது கரடி.

“அதுவும் எப்படி? வாயில கவ்வப் பயம்! குச்சியால தள்ளிக்கிட்டே வந்தேன். நடுவழியில காத்து அடிச்சுது. சட்டை எழும்பி என் மேல விழுந்துடுச்சு! நான் ஓட, அதுவும் ஓட, மூணு தடவை புதரைச் சுத்தினேன். அப்புறம்தான் தெரிஞ்சுது, அது என் வால்ல மாட்டியிருக்குன்னு!”

கூட்டம் குலுங்கிச் சிரித்தது. சிங்காரம் சிரிக்கவில்லை.

“வடிவு அலறினான்னு சொன்னேன். என்ன சொல்லி அலறினான்னு சொல்லல. ‘என்னங்க, பாம்பு! வெளிய வராதீங்க!’ன்னு அலறினா. நான் உள்ள தூங்குறேன்னு நினைச்சிருக்கா. சேத்துல விழுந்தவ எழுந்திரிச்சு ஓடிப்போகல. எனக்காக அது மேலயே பாய்ஞ்சா! இதைச் சொன்னா நீங்க சிரிக்க மாட்டீங்களேன்னு மறைச்சுட்டேன். என்னை மன்னிச்சிடு, வடிவு!”

ஒருவரும் சிரிக்கவில்லை. தவளைக் குஞ்சுகள் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டன. வடிவு ஆற்றங்கரையிலேயே நின்றுவிட்டது.

“குச்சியாலயா தள்ளினீங்க?” என்று கேட்டது.

“ஆமா.”

“எவ்வளவு நீளக் குச்சி?”

“என்னைவிட ரெண்டு மடங்கு!”

வடிவு அடக்கிப் பார்த்தது, முடியவில்லை. கண்ணில் நீர் வரச் சிரித்தது. அதைப் பார்த்துச் சிங்காரம் சிரித்தது. பிறகு கரையே சிரித்தது.

“அக்கா வீட்டுக்கு நாளைக்கு ரெண்டு பேருமாப் போவோம். இந்தக் குச்சிக் கதையை நீங்களே உங்க வாயால அவளுக்கும் சொல்லணும்!” என்று சொல்லிவிட்டு, வடிவு வந்து தன் வழக்கமான இடத்தில் உட்கார்ந்தது.

நம்மோடு வாழ்பவரை அழவைத்து ஊரைச் சிரிக்க வைப்பதைவிட, நம் அசட்டுத்தனத்தைச் சொல்லி அவரையும் சேர்த்துச் சிரிக்க வைப்பதே நல்ல நகைச்சுவை.