கடைசிக் கழுகு முட்டையும் ராஜாவின் குடையும்

ரொம்ப ரொம்பக் காலத்துக்கு முன்னால், ஒரு மலை விளிம்பில், வேம்பன் என்ற குடைக்காரன் கையில் ஒரு முட்டையோடு நின்றான்.

"போட்டு உடைடா!" என்றான் மந்திரவாதி கரிமுகன்.

அது பிணந்தின்னிக் கழுகின் முட்டை. அந்த நாட்டில் மிச்சமிருந்தது அது ஒன்றுதான். கழுகுகளை எல்லாம் ராஜா சொல்லிக் கரிமுகன் கல்லாக்கிவிட்டான். ஏன் தெரியுமா? சிகாமணி ராஜாவுக்குத் தலையில் ஒரு முடிகூடக் கிடையாது. கழுகுக்கும் கிடையாது. மேலே வட்டமடிக்கிற கழுகெல்லாம் தன்னைத்தான் கேலி செய்கிறது என்று ராஜாவுக்கு நினைப்பு. வேறு காரணமே இல்லை! அந்த மொட்டைத் தலைக்குக் குடை பிடிப்பதுதான் வேம்பனின் வேலை.

கழுகுகள் கல்லானதும், செத்த மாடு செத்த இடத்திலேயே கிடந்து நாறியது. அழுகி ஓடையில் கலந்தது. எலி பெருத்தது, வெறிநாய் பெருத்தது. அந்தத் தண்ணீரைக் குடித்த ஊருக்கே காய்ச்சல். வேம்பனின் மகள் அரும்பு கண்ணே திறக்கவில்லை.

கரிமுகன் ஒரு குப்பியை ஆட்டிக் காட்டினான். "நான் தொட்டா பலிக்காது. குஞ்சு வெளிய வர்றதுக்குள்ள நீ முட்டையை உடை. என் மந்திரம் நிலைச்சிடும். உன் மகளுக்கு இந்த மருந்து."

"சீக்கிரம் உடைடா, மண்டை காயுது!" என்று பல்லக்கிலிருந்து கத்தினார் ராஜா.

வேம்பன் கையை ஓங்கினான். முட்டைக்குள் டக், டக், டக்.

"குடைக்கார மாமா, கீழே என்ன வாசனை?" என்றது உள்ளேயிருந்து ஒரு குரல்.

"வாசனையா? செத்த மாடு நாறுது."

"ஐயோ, பசிக்குதே!"

"அதைத் தின்னா உனக்குக் காய்ச்சல் வராதா?"

"எங்க வயித்துக்குள்ள போனா காய்ச்சல்தான் சாகும், மாமா."

வேம்பன் ஓங்கிய கையை இறக்கினான். மந்திரவாதியைப் பார்த்தான்.

"சாமி, மருந்து குடிச்சப்புறம் என் மக எந்தத் தண்ணியைக் குடிப்பா?"

"ஓடைத் தண்ணியைத்தான்."

"திரும்பக் காய்ச்சல் வந்தா?"

"இன்னொரு குப்பி தரேன்."

"அப்புறம்?"

"இன்னொரு குப்பி!"

"நல்லாயிருக்கு உங்க வைத்தியம்" என்றான் வேம்பன். குடையைக் கவிழ்த்துப் போட்டு, முட்டையை அதில் பூப்போல வைத்தான்.

"உடைடா!" என்று கரிமுகன் அலறினான். முட்டை தானாகவே உடைந்தது. மொட்டைத் தலையோடு ஒரு குஞ்சு எட்டிப் பார்த்து, "கீ!" என்றது. அவ்வளவுதான். மலையிலிருந்த கல்லெல்லாம் சிறகு விரித்தது. மந்திரம் திரும்பி வந்து மந்திரவாதியையே கல்லாக்கியது. குப்பி மட்டும் உருண்டு வேம்பன் காலடியில் நின்றது.

கழுகுகள் எலும்பு பளபளக்கும்வரை தின்றன. ஒரு மழை பெய்தது; ஓடை தெளிந்தது. அரும்பு மருந்து குடித்து எழுந்து, "அப்பா, சோறு" என்றாள். இன்னொரு குப்பி தேவையே படவில்லை.

ராஜா குடைக்குள் இருந்த குஞ்சை உற்றுப் பார்த்தார். "அட, என்னைவிட மொட்டை!" என்று விழுந்து விழுந்து சிரித்தார். அப்புறம் வெயில் உறைத்தது.

"டேய் வேம்பா! குஞ்சை இறக்கிவிட்டு எனக்குக் குடை பிடிடா!"

வேம்பன் இறக்கவில்லை.