ரெஜினா மேடம் பாடி வந்தார்

ஆசிக் சோர்ந்த முகத்தோடு ரெஜினா மேடத்தின் அறைக்குள் நுழைந்தான். படிப்பு முடிந்த கையோடு, ஒட்டன்சத்திரத்தில் அவர் நடத்தும் பிசியோதெரபி கிளினிக்கில் தொழில் கற்கச் சேர்ந்தவன் அவன். விளையாட்டில் அடிபட்டு வருகிறவர்களைத் தேற்றி மறுபடி ஆட அனுப்புவதுதான் அங்கே பெரும்பாலும் வேலை.

"நாகஜோதி இனிமே வரமாட்டாளாம் மேடம்."

"ஏனாம்?"

"கபடியே வேணாங்கிறா. தையல் கிளாஸ்ல சேரப் போறாளாம்."

நாகஜோதி தன் கல்லூரி அணியில், பாடி வருகிறவர்களைப் பாய்ந்து பிடிப்பதில் கெட்டிக்காரி. ஒரு ஆட்டத்தில் முழங்கால் ஜவ்வு கிழிந்து அறுவை சிகிச்சை நடந்தது. மடக்கவே முடியாமல் வந்த காலை ஆசிக்தான் நடக்க வைத்தான், ஓடவும் வைத்தான். அடுத்த மாதம் மாநில அணிக்கான தேர்வு. ஆனால் குதி என்றால் நின்றுவிடுகிறாள். பாய் என்றால் கண் கலங்கிவிடுகிறது.

"கால் எப்படி இருக்கு?"

"ரெண்டு காலுக்கும் வித்தியாசமே இல்ல மேடம். ஆடலாம்னு டாக்டரும் சொல்லிட்டார். ஸ்கேனைக் காட்டி விளக்கினேன், தலையாட்டுறா. பின்னாடியே நின்னு, 'நான் பிடிச்சுக்கறேன், விழவே விடமாட்டேன்'னு தினமும் சொல்றேன். அப்பவும் பயம் போகல. பயத்துக்கு என்ன பயிற்சி மேடம் கொடுக்கறது?"

மேடம் நாகஜோதிக்குப் போன் போட்டு வரச் சொன்னார். அவள் வந்ததும் கட்டிலில் உட்காரவைத்து, முழங்காலை நீட்டி, மடக்கி, அழுத்தி, நிதானமாகச் சோதித்தார். பிறகு இருவரையும் கிளினிக்கின் பின்னால் இருந்த மணல் திடலுக்குக் கூட்டிப்போனார். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுக் காலால் ஒரு கோடு இழுத்தார். துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டினார்.

"நீங்க ரெண்டு பேரும் ஒரு டீம். நான் பாடி வரேன்."

"மேடம், உங்களுக்குக் கபடி ஆடத் தெரியுமா?" என்றாள் நாகஜோதி.

"தெரியாது."

அது பொய்யில்லை. 'கபடி கபடி' என்று அவர் மூச்சிரைக்கப் பாடியது பேருந்தில் பழம் விற்கிற மாதிரி இருந்தது. ஆனாலும் நேராக வந்து ஆசிக்கின் தோளைத் தட்டிவிட்டுத் திரும்பினார். ஆசிக் நின்ற இடத்திலேயே நின்றான்.

"என்ன சார், மரம் மாதிரி நிக்கிறீங்க?" நாகஜோதி சிரித்தாள்.

மறுபடி வந்தார். இந்த முறை ஆசிக்கின் காதைத் தொட்டார்.

"சார்! இடுப்பைப் பிடிங்க சார்! ஐயோ, போறாங்க பாருங்க!"

அடுத்த முறை மேடம் ஆசிக்கைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேரே போய் நாகஜோதியின் உச்சந்தலையில் ஒரு தட்டு தட்டினார். பல்லைக் காட்டிச் சிரித்தார். கோட்டைப் பார்த்து ஓடினார்.

நாகஜோதி பாய்ந்தாள்.

கணுக்கால் அவள் கையில் சிக்கியது. இருவரும் மணலில் தொப்பென்று விழுந்து உருண்டார்கள். ஆசிக் அலறிக்கொண்டு ஓடி வந்தான்.

"மேடம் அவுட்!" என்று கத்தினாள் நாகஜோதி. எழுந்து தொடையைத் தட்டினாள். வாயெல்லாம் மணல், முகமெல்லாம் சிரிப்பு. "நாளைக்கு எங்க டீம் பொண்ணுங்களைக் கூட்டிட்டு வரேன் மேடம். உங்ககூட ஆடுறது பாவமா இருக்கு."

அவள் போன பிறகும் ஆசிக்குக்குப் படபடப்பு அடங்கவில்லை.

"மேடம், தப்பா நினைக்காதீங்க. ஒருவேளை அவ விழுந்திருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"

மேடம் தலைமுடியிலிருந்து மணலை உதறினார்.

"விழுந்தாளே ஆசிக். நீ பார்க்கலையா?"